மேய்ச்சல் நிலம், பால்பண்ணை, சிறுபண்ணை: வளைகுடாப் பகுதியின் மூன்று ராஞ்ச் பூங்காக்கள்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கியிருக்கும் மாதங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: கூட்டமில்லாத, சிறிது நடக்கவும், மர நிழலில் அமர்ந்து சாப்பிடவும், பார்ப்பதற்கு ஏதேனும் பழைமையும் உள்ள இடம் எது? இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று விடைகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சான் ஹோசே நகருக்குக் கிழக்கே ஹாமில்டன் மலைச் சாலையில் உள்ள ஜோசப் டி. கிராண்ட் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) பூங்கா ஒன்று. சான்டா குரூஸ் நகரை அடுத்துக் கடலோரத்தில் இருக்கும் வைல்டர் ராஞ்ச் மாநிலப் பூங்கா இன்னொன்று. குபெர்டினோவையும் லாஸ் ஆல்டோஸையும் ஒட்டிய ராஞ்சோ சான் அன்டோனியோ மூன்றாவது.

மூன்றும் ஒருகாலத்தில் ராஞ்ச் எனப்படும் பண்ணை நிலங்கள். அதைவிட வியப்பானது, மூன்றின் பத்திரக் கதையும் ஒரே ஆண்டில் தொடங்குவதாகும். கலிபோர்னியா மெக்சிகோவின் ஆட்சியில் இருந்தபோது, ஆளுநர் ஹுவான் அல்வராடோ 1839ஆம் ஆண்டில் கன்யாடா டி பாலா, ரெஃபூஹியோ, சான் அன்டோனியோ என்ற மூன்று நிலக்கொடைகளையும் வழங்கினார். அவற்றின் துண்டுகளே முறையே இன்றைய இந்தப் பூங்காக்கள். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இவை ஓலோனி என்னும் பழங்குடி மக்களின் நிலங்களாக இருந்தன என்பதையும், கொடை கொடுத்தவர்கள் அவர்களைக் கேட்டுக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

ஒரே ஆண்டில் தொடங்கிய மூன்று நிலங்களும் இன்று ஒன்றுக்கொன்று சற்றும் ஒத்திராத அனுபவங்களைத் தருகின்றன. அதற்குக் காரணம், ஒவ்வொரு பண்ணையும் எதை நம்பிப் பிழைத்தது என்பதுதான். எந்தப் பூங்கா சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, அந்த நிலம் முன்பு என்ன தொழில் செய்தது என்று கேட்பவருக்கு, எங்கே அமைதி கிடைக்கும், எங்கே நிழல் கிடைக்காது, எங்கே பழைய வீட்டைப் பார்க்கலாம் என்பதெல்லாம் ஏறத்தாழத் தானாகவே விளங்கிவிடும்.

கிராண்ட் பூங்கா இறைச்சி மாடு மேய்ந்த நிலம். மழை குறைந்த மலைச்சரிவில் ஒரு மாட்டுக்குப் பல ஏக்கர் புல் வேண்டும். ஆகவே அப்பண்ணை பரந்திருந்தது. ஆனால் அதில் வேலையாட்களும் கட்டடங்களும் குறைவு. சான்டா கிளாரா கவுண்டியின் பூங்காக்களில் மிகப் பெரியது இதுவே. ஒன்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பும், ஐம்பது மைலுக்கு மேற்பட்ட தடங்களும் கொண்டது. இதன் உரிமையாளராக இருந்த ஜோசப் கிராண்ட், சான் பிரான்சிஸ்கோவின் துணி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்களில் ஒருவர். ரெட்வுட் மரங்களைக் காப்பதற்கான இயக்கத்தில் முன்னின்று உழைத்தவர். 1942இல் அவர் இறந்தபின் அவருடைய மகள் 1972இல் தாம் மறையும்வரை இந்த நிலத்தை வைத்திருந்தார். பின்னர் 1975இல் கவுண்டி நிர்வாகம் வாங்கி, 1978இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. பக்கத்திலேயே சான் ஹோசே பெருநகரமாக வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இவ்வளவு பெரிய நிலம் துண்டாடப்படாமல் ஒரே கையில் இருந்ததால்தான், இன்று ஒரு மேட்டில் ஏறி நின்றால் நான்கு திசையிலும் வீடு எதுவும் கண்ணில் படாத காட்சி வாய்க்கிறது.

அங்கே போகும் சாலைக்கே தனி வரலாறு உண்டு. மலையுச்சியில் லிக் வானாய்வகம் கட்டுவதற்காக 1875, 1876ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட பாதை அது. தொலைநோக்கியின் பாகங்களையும் கட்டுமானப் பொருள்களையும் குதிரை வண்டிகள் இழுத்துச் செல்ல வேண்டியிருந்தமையால், ஏற்றம் எங்கும் செங்குத்தாகிவிடாதபடி, மலையை வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். குதிரைகளுக்காகச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடு காரின் பின்னிருக்கையில் அமர்பவருக்குக் கடினமானது. பூங்காவின் வாயில் மலையடிவாரத்திலிருந்து ஏறத்தாழ எட்டு மைல்தான் என்றாலும், வளைவுகளில் தலைசுற்றும் இயல்புடையவர்கள் முன்னிருக்கையில் அமர்வதும், வயிறு நிரம்பச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாமல் இருப்பதும் நல்லது. இந்தச் சாலைதான் பூங்காவின் அமைதிக்குக் காவல் என்றும் எனக்குத் தோன்றுகிறது: சும்மா எட்டிப் பார்க்கலாமே என்று நினைப்பவர்களை அது அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

வைல்டர் ராஞ்ச் வேறு உலகம். இங்கே நிலத்தின் தொழில் பால். 1871இல் டிலாஸ் வைல்டரும் லீவை பால்ட்வினும் கூட்டாகப் பால்பண்ணை தொடங்கினார்கள். 1885இல் கூட்டைப் பிரித்துக்கொண்டபோது கீழ்ப்பகுதி வைல்டர் குடும்பத்திற்கு வந்தது. கடல்மூட்டம் புல்லை ஈரமாக வைத்திருக்கும் இந்தக் கரையோரத்தில் வெண்ணெய் நல்ல வருவாய் தந்தது. பால் தொழிலுக்கு நாள்தோறும் ஆள் வேண்டும், கொட்டகை வேண்டும், வெண்ணெய் எடுக்கும் அறை வேண்டும், ஓடும் நீர் வேண்டும். ஆகவே இங்கே கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன: 1897இல் எழுந்த விக்டோரியா பாணி வீடு, அதற்கும் முந்தைய பண்ணை வீடு, மாட்டுக் கொட்டகை, வேலையாட்களின் விடுதி, இயந்திரப் பட்டறை. அந்தப் பட்டறையைத்தான் நான் எல்லோரையும் பார்க்கச் சொல்வேன். ஓடைநீரைக் குழாய்வழி இறக்கி, பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதவிட்டு, அதிலிருந்து வார்ப்பட்டைகள் மூலம் கடைசல் பொறியையும் துளையிடும் பொறியையும் ஓட்டினார்கள்; மின்சாரமும் எடுத்தார்கள். நீலகிரியில் பைக்காரா மின் நிலையத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தச் சக்கரம் புதிதல்ல. அங்கே மலையிலிருந்து விழும் நீரும் இதே வகைச் சக்கரத்தைத்தான் சுழற்றுகிறது. ஒரு பால்பண்ணையின் கொல்லையில் அதன் சிறு வடிவத்தைப் பார்ப்பது, பொறியியல் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத தாத்தாவுக்கும் ஒருசேரப் பிடித்துப்போகிறது.

அந்த இடம் தப்பிய விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஐந்து தலைமுறையாக அங்கே வாழ்ந்த வைல்டர் குடும்பம், ஏறிக்கொண்டே போன சொத்துவரியைத் தாங்க இயலாமல் 1969இல் நிலத்தை விற்றது. வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கான வீடுகள் கொண்ட குடியிருப்பைத் திட்டமிட்டார்கள். சான்டா குரூஸ் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1974இல் மாநில அரசு நிலத்தைப் பெற்றது. ஊர் மக்களின் பிடிவாதம் இல்லாதிருந்தால், இன்று முருங்கைக்காய் சாம்பார் கொதிக்கும் யாரோ ஒரு நண்பரின் அடுக்களை அந்தக் கடல்மேட்டில் இருந்திருக்கும். நாம் அங்கே நடக்க முடிந்திருக்காது.

மூன்றாவதான ராஞ்சோ சான் அன்டோனியோவைப் பற்றி இவ்வளவு சொல்லத் தேவையில்லை. கவுண்டியின் சிறு பூங்காவும், அதை ஒட்டி நடுத்தீபகற்பத் திறந்தவெளி மாவட்டம் என்னும் பொது அமைப்பு காக்கும் ஏறத்தாழ நாலாயிரம் ஏக்கர் காப்புநிலமும் சேர்ந்தது அது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஒரு மைல் நடந்தால் டியர் ஹாலோ பண்ணை வருகிறது. கோழி, ஆடு, செம்மறி, பன்றி, காய்கறித் தோட்டம் எல்லாம் உள்ள இந்தப் பண்ணையை மவுன்டன் வியூ நகராட்சி நடத்துகிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து பார்க்கிறார்கள். வயலும் பழத்தோட்டமும் அலுவலகக் கட்டடங்களாக மாறிவிட்ட ஒரு பள்ளத்தாக்கில், ஒரு குழந்தை ஆட்டுக்குட்டியை நேரில் பார்க்கும் வாய்ப்பு சிறிய விஷயமன்று. நுழைவுக் கட்டணமும் இல்லை. மற்ற இரண்டிலும் வண்டிக்குக் கட்டணம் உண்டு. ஆனால் அமைதி தேடி வருபவருக்கு இது பொருந்தாது. வார இறுதிகளில் காலை வேளையிலேயே நிறுத்துமிடம் நிரம்பிவிடுகிறது. இடம் தேடிச் சுற்றும் வண்டிகளின் வரிசையில் தொடங்கும் நாளை அமைதியான நாள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. வேலைநாள் காலையில் போக முடிந்தவர்களுக்கு, அதுவும் மூன்று நான்கு வயதுக் குழந்தை உள்ளவர்களுக்கு, மூன்றிலும் இதுவே முதலிடம்.

இனி நடை. முதியவர்களோடு செல்பவர்கள் வைல்டரின் பழைய படகுத்துறைத் தடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். போக வர ஏறத்தாழ இரண்டரை மைல், ஏறக்குறைய சமதளம், ஒரு பக்கம் பசிபிக் கடலின் செங்குத்தான பாறை விளிம்பு, மறுபக்கம் களைக்கோசு (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ்) விளையும் வயல்கள். முற்காலத்தில் சிறு பாய்மரக் கப்பல்கள் வந்து சரக்கு ஏற்றிய குறுகிய நீர்வழியில் இன்று கடல்நாய்கள் பாறைமேல் கிடந்து வெயில் காய்கின்றன. பனி உப்புக்கொத்தி (ஸ்னோயி ப்ளோவர்) என்னும் சிறு பறவை முட்டையிடுவதற்காக வைல்டர் கடற்கரை மூடப்பட்டிருக்கிறது. மேலிருந்து பார்க்கலாம், இறங்கக் கூடாது. விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு. சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். காற்று எந்த மாதத்திலும் குளிரக்கூடும் என்பதால், ஆகஸ்டு மாதம்தானே என்று சட்டை மட்டும் அணிந்து வருபவர்கள் நடுங்குவார்கள்.

கிராண்ட் பூங்காவில் நடை என்பது ஏற்ற இறக்கம். கிராண்ட் ஏரியைச் சுற்றியும், பண்ணை வீட்டை அடுத்த ஹால்ஸ் பள்ளத்தாக்கிலும் எளிதாக நடக்கலாம். அதற்கு மேல் போனால் கன்யாடா டி பாலா முகட்டுத்தடம் வரை மூச்சுவாங்க ஏற வேண்டும். ஏறியபின் கிடைப்பதற்கு ஈடு மற்ற இரண்டிலும் இல்லை. மார்ச், ஏப்ரலில் பச்சைச் சரிவுகளில் ஆரஞ்சு நிறக் கலிபோர்னியப் பாப்பிப் பூக்களும் நீல லூபினும் கலந்து விரிந்திருக்கும். ஓக் மரங்களில் மரங்கொத்திகள் கொட்டைகளை ஒவ்வொன்றாகத் துளையில் செருகிவைத்திருக்கும். கலிபோர்னியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மஞ்சள் அலகு மேக்பை பறவை இங்கே உண்டு. இலையுதிர் காலத்தில் ஆண் டாரன்டுலா சிலந்திகள் துணை தேடித் தடத்தைக் கடந்து செல்லும். அவை நம்மை ஒன்றும் செய்வதில்லை, வழிவிட்டு நின்றால் போதும். மாடுகள் இன்னும் மேய்கின்றன. ஆகவே தடத்தில் உள்ள கதவுகளைத் திறந்தவர்தான் மூட வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிக்கொண்டு விலகிப் போக வேண்டும். நம் ஊர்ப் பசுவைப் போலத் தொட்டுக் கும்பிடக் கிட்டே போவது வேண்டாம்.

பிக்னிக் என்று வரும்போது என் தீர்ப்பு ஐயத்துக்கிடமின்றிக் கிராண்ட் பூங்காவின் பக்கமே. பழைய பண்ணை வீட்டின் அருகே ஓக் மர நிழலில் மேசைகள் இருக்கின்றன. பெரிய குழுவாக வருபவர்கள் முன்பதிவு செய்துகொள்ளவும் இடம் உண்டு. புளியோதரையும் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய், பெரியவர்கள் மேசையில் இளைப்பாறி இருக்க, இளையவர்கள் இரண்டு மணி நேரம் மலையேறிவிட்டு வந்து சேர்ந்து உண்பதற்கு, நிறுத்துமிடமும் மேசையும் தடத்தின் தொடக்கமும் இவ்வளவு அருகருகே அமைந்திருப்பது பெரும் வசதி. அமெரிக்க அதிபராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் கிராண்டின் நண்பர் என்ற முறையில் இந்த வீட்டில் விருந்தினராகத் தங்கியதுண்டு. ஆயினும் வைல்டரில் உள்ளதுபோல் அறை அறையாகச் சென்று அன்றைய வாழ்க்கையைப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். இங்கே வரலாறு நிலத்தில்தான் மிகுதியாகத் தெரிகிறது. வைல்டரில் கட்டடங்களுக்கு அருகில் அமர்ந்து உண்ண இடம் உண்டு என்றாலும், காற்று தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகும். சான் அன்டோனியோவில் மேசைகள் நுழைவாயிலுக்கு அருகிலுள்ள கவுண்டிப் பூங்காவில்தான். பண்ணைவரை நடந்துவிட்டுப் பசியோடு திரும்பி வர வேண்டும்.

பருவத்தைப் பொறுத்து இந்த முடிவு மாறும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கிராண்ட் பூங்காவின் திறந்த சரிவுகளில் நண்பகல் வெயில் கடுமையானது. புல் காய்ந்து பொன்னிறமாகி, தீப்பற்றும் அபாயம் எழுகிறது. 2020 ஆகஸ்டில் மின்னலால் மூண்ட காட்டுத்தீ ஹாமில்டன் மலையைச் சூழ்ந்து, வானாய்வகத்தின் வாசல்வரை வந்து சென்றது. அந்த மாதங்களில் முதியவர்களை அங்கே அழைத்துச் செல்வதை நான் ஒப்பமாட்டேன். வைல்டரின் கடல்மூட்டமே அப்போது நல்ல நிழல். குளிர்கால மழை முடிந்து பிப்ரவரி இறுதியிலிருந்து மே தொடக்கம்வரை, யாராவது என்னிடம் ஒரே ஓர் இடம் சொல்லுங்கள் என்றால் கிராண்ட் பூங்காவையே சொல்வேன். அப்போது போகிறவர்கள் தண்ணீரை வீட்டிலிருந்தே நிறைய எடுத்துச் செல்ல வேண்டும். மலைக்குள் கைப்பேசி இணைப்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சூரியன் மறைவதற்குள் வாயில் மூடப்படும் என்பதையும், இறங்கும் வளைவுகளை வெளிச்சத்திலேயே கடப்பது நல்லது என்பதையும் கணக்கில் கொண்டு, மாலைத் தேநீரை மேசையிலேயே முடித்துக் கிளம்ப வேண்டும்.