'ஐம்பது லேன் கேம்' ஹார்ட் டிஸ்க்கை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

கோடை விடுமுறைக்கு வரும் அக்கா பிள்ளைகள் ஆளுக்கொரு ஃபோனோடு மூலைக்கு ஒருவராக உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் பிரௌசிங் சென்டரில் கூச்சல் போட்டு ஆடியதுபோல, வீட்டிலிருக்கும் நாலு கம்ப்யூட்டரையும் வீட்டுக்குள்ளேயே இணைத்து (லேன் என்பது இதைத்தான்) இவர்களை ஆட வைக்க ஆசைப்பட்டேன். நாலில் ஒன்று அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். அதையும் விடவில்லை.

எங்கள் வீட்டில் ரூட்டர் மாட்டிய கடைக்காரரையே கேட்டேன். "ஐம்பது கேம்ணே, எல்லாமே லேன்ல ஓடும். நானே வந்து போட்டுத் தர்றேன்" என்றார். கேம்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு 2,400 ரூபாய். பில் கேட்டதற்குச் சிரித்தார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

வந்தவர் முதல் வேலையாக நாலு கணினியிலும் ஆன்டிவைரஸை அணைத்தார். "கிராக் ஃபைலை வைரஸ்னு தப்பா காட்டும்ணே." காசு கொடுத்து வாங்காத கேமையும் பூட்டை உடைத்து ஓட வைப்பதுதான் கிராக். நானும் தலையாட்டினேன்.

அவர் போனதும் திறந்து பார்த்தால், "மாமா, இது லாகின் கேக்குது" என்று ஒவ்வொன்றாகக் குரல். பட்டியலில் முதலில் இருந்த ஸ்டார்கிராஃப்ட் 2 வெளிவந்ததே 2010-இல், லேன் வசதி இல்லாமல். ரெட் அலர்ட் 2 என்ற போர் ஆட்டம் லேனுக்குக் கேட்பது ஐபிஎக்ஸ் என்ற, கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பழைய நெறிமுறை. விண்டோஸ் விஸ்டாவிலேயே அதைத் தூக்கிவிட்டார்கள். மல்டிபிளேயர் என்றால் ஒரே திரையில் இருவர் ஆடுவதாக இருக்கலாம், வீட்டு நெட்வொர்க்கில் ஆடுவதாக இருக்கலாம், நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் ஆட வேண்டியதாகவும் இருக்கலாம். மனிதர் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்றுவிட்டார்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் பழைய பதிப்பு மட்டும் ஆசை காட்டியது. பழைய கேம்களுக்குத் தேவைப்படும் டைரக்ட்பிளே என்ற பகுதியை விண்டோஸ் அம்சங்களில் நானே தேடி இயக்கியபின் திறந்தது. ஆனால் இரண்டு லேப்டாப்களின் கண்ணுக்கு மற்ற கணினிகள் தெரியவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டால், "வைஃபை தாங்காதுண்ணே, ஜிகாபிட் ஸ்விட்ச் போடணும்" என்றார். கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி அது. கேபிளோடு சேர்த்து இன்னொரு 3,100. மாட்டியதும் ஓடியது. அவர் சொன்னதுதான் சரி என்று டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் அக்கா மகனின் இன்ஸ்டாகிராமில் கிரிப்டோ விளம்பரம் ஓட ஆரம்பித்தது. என் ஜிமெயிலில் யாரோ தெரியாத ஊரிலிருந்து நுழைந்திருந்தார்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போட்ட கிராக் ஃபைல்களின் வேலையாகத்தான் இருக்க வேண்டும், பிரௌசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் மொத்தமும் போயிருந்தன. ஃபோனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, நாலு கணினியிலும் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட இரண்டு நாள் ஆனது.

அப்படிப் போடும்போதுதான் விஷயம் பிடிபட்டது. ரூட்டர் மாட்டிய அன்று, பிள்ளைகளுக்கு என்று அவர் இந்த இரண்டு லேப்டாப்களையும் கெஸ்ட் வைஃபையில் இணைத்திருக்கிறார். கெஸ்ட் வைஃபை பொதுவாக இணையத்துக்கு மட்டும் வழி விடும், வீட்டுக் கணினிகளோடு பேச விடாது. நாலையும் ஒரே வைஃபையில் போட்டேன். கேபிள் இல்லாமலே ஒன்றுக்கொன்று தெரிந்தன. 1997-இல் வந்த முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸையே டெலிஃபோன் லைனில் நத்தை வேகத்தில் இணையம் தரும் 28.8 மோடத்தில் ஆடும்படிதான் எழுதியிருந்தார்கள். ஆட்டக்காரர் கொடுக்கும் கட்டளைகள் மட்டுமே போய்வரும். அந்தப் பரம்பரையில் வந்த ஆட்டத்துக்கு என் தலையில் ஜிகாபிட் ஸ்விட்ச் கட்டியிருக்கிறார்! 2,400-ஐ விட இதுதான் எனக்கு எரிகிறது.

இப்போது கணினிகளில் இருப்பவை எல்லாம் அந்தந்த கேமின் சொந்தத் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கியவை. பழங்காலப் பேரரசுகளை மோத விடும் ஜீரோ ஏ.டி.யில் மௌரியர் யானைப்படையை வைத்து என் மகள் என்னைத் துவம்சம் செய்கிறாள். ரெட் அலர்ட் ஆசைக்கு ஓபன் ஆர்ஏ, முதல் ரெட் அலர்ட்டின் மறு உருவம். சின்னவனுக்கு சூப்பர்டக்ஸ்கார்ட் கார் பந்தயம். அதில் 2019-இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து லேன் உண்டு. கிராஃபிக்ஸைக் குறைத்தால் அரசு லேப்டாப்பும் ஈடுகொடுக்கிறது. முதல் தடவை ஃபயர்வால் கேட்கும்போது பிரைவேட் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுங்கள், அவ்வளவுதான் வேலை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சாஃப்ட்வேருக்கு ரிட்டர்ன் இல்லைண்ணே." 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்ய நினைத்தேன். கையில் பில் இல்லை. வாங்கியதும் திருட்டுச் சரக்கு, எந்த முகத்தோடு பேசுவது? இரண்டு நாள் முன்பு அந்தப் பக்கம் போனேன். கடை வாசலில் 'சம்மர் ஆஃபர், 100 லேன் கேம்' என்று புதுத் தட்டி தொங்குகிறது.