அசட்டீக் தீவில் கூடாரம்: கடல் பக்கமா, காயல் பக்கமா?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள அசட்டீக் தீவு தேசியக் கடற்கரைக்குப் பலரும் போவதே காட்டுக்குதிரைகளைப் பார்க்கத்தான். கூடாரம் போட இரண்டு இடம்: அட்லாண்டிக் பக்கம், காயல் பக்கம்.

கோடையில் கடல் பக்கமே மேல். காயலோரச் சதுப்பில் கொசு மொய்க்கும்; இங்கே கடற்காற்று விரட்டிவிடும். ஈக்கடி தாங்காமல் குதிரைகளும் மணலுக்கே வந்து நிற்கும். ஆனால் அதே காற்று கூடாரத்தையும் பிடுங்கும். சாதாரண முளை மணலில் உருவிக்கொண்டு வந்துவிடும். நீளமான மணல் முளைகளைச் சாய்த்து ஆழமாக அடிக்க வேண்டும். நிழல் கிடையாது, பந்தல் துணி அவசியம்.

குளிர்ந்த மாதங்களில் காயல் பக்கம் போங்கள். கொசு அடங்கியிருக்கும், கயாக் என்ற சிறு துடுப்புப் படகு விட அலையடிக்காத தண்ணீர், நீர்ப்பறவைகள், சதுப்புப் புல் மேயும் குதிரைகள். வயிறு உப்பியிருந்தால் சினை என்று நினைக்க வேண்டாம். உப்புப் புல் தின்பதால் தண்ணீர் நிறையக் குடிக்கின்றன.

குளியலுக்கு இரு பக்கமும் பச்சைத்தண்ணீர்தான்.

குதிரையிடமிருந்து 40 அடியாவது தள்ளி நில்லுங்கள், கடிக்கும், உதைக்கும். சாப்பாட்டை வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். ஐஸ்பெட்டியை மேசை மேல் விட்டால் திறந்து தின்றுவிடும். அந்த ருசிக்குப் பழகிய குதிரை சாலையோரம் வந்து நின்று வண்டியில் அடிபடுகிறது.