பயந்த நாட்டு நாய்க்கு மூன்று வார் பாடி பெல்ட்: ஃபாஸ்டர் செய்பவர்கள் வாங்கலாமா?

கூச்சமான தெரு நாயை ஃபாஸ்டருக்கு, அதாவது தத்து கொடுக்கும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள, எடுத்த கையோடு கடைக்குப் போனால் மெத்தை, பொம்மை, பயம் போக்கும் ஸ்ப்ரே என்று பை நிறைந்துவிடும். இதெல்லாம் காத்திருக்கலாம். காசை முதலில் போட வேண்டியது பெல்ட்டில், அதிலும் கழுத்து, நெஞ்சு, இடுப்பு என்று மூன்று இடத்தில் வார் சுற்றும் மூன்று வார் பாடி பெல்ட்டில். 'எஸ்கேப் ப்ரூஃப் ஹார்னஸ்' என்று ஆன்லைனில் தேடினால் பல கம்பெனிகளின் சரக்கு வரும். இங்கே மதிப்பிடுவது அந்த வகையை, ஒரு கம்பெனியை அல்ல.

நாட்டு நாயின் தலை ஒடுக்கம். காதுக்குப் பின்னால் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. பயந்துவிட்டால் காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி, பின்னாலேயே போகும். சாதாரண கழுத்துப் பெல்ட் அப்படியே கழன்று நம் கையில் தொங்கும். இரண்டு வார் பாடி பெல்ட்டும் அவ்வளவுதான். பின்வாங்கிக்கொண்டே முன்னங்காலை மடக்கினால் நெஞ்சு வார் தோளைத் தாண்டி உருவிக்கொள்ளும். மூன்றாவது வார் கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பு ஒடுங்கும் இடத்தில் உட்காரும். நெஞ்சுக்கூடு இடுப்பைவிடப் பெரியது. சரியாகப் பொருந்தியிருந்தால் அந்த வளையம் அதைத் தாண்டி முன்னால் எளிதில் வராது. இந்த ஒரு வாருக்குத்தான் கூடுதல் விலை, அது நியாயமான விலைதான்.

அளவில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். எடையைச் சொல்லி எம், எல் என்று வாங்கினால் பொருந்தாது. எடை உடம்பின் வடிவத்தைச் சொல்லாது. நாட்டு நாய்க்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒல்லி. தையல் டேப்பில் மூன்று அளவு எடுங்கள்: கழுத்தின் அடி, முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்று, கடைசி விலாவுக்குப் பின்னால் இடுப்பு. வாங்கும் முன் பார்க்க வேண்டியது, மூன்றாவது வாரை எவ்வளவு குறைக்க முடியும் என்பதை. அது இடுப்பு அளவுக்கு வராவிட்டால் மற்ற இரண்டும் பொருந்தியும் பயனில்லை. எல்லா வாருக்கும் அடியில் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அக்குள் புண்ணாகும்.

இன்னொன்று, கழுத்து வாரிலும் பக்கிள் இருக்கிறதா பாருங்கள். தலை வழியாக மாட்டும் மாடல், கை தலைக்கு மேல் வந்தாலே பதுங்கும் நாய்க்குத் தண்டனை.

பெண் நாய்க்குத் தனி எச்சரிக்கை. கருத்தடை முடிந்து புதிதாக வந்திருந்தால் தையல் அடிவயிற்றிலோ விலாப் பக்கத்திலோ இருக்கும். மூன்றாவது வார் உரசுவது அங்கேதான். புண் ஆறும்வரை, பொதுவாக 10 முதல் 14 நாள், இதை மாட்டாமல் மூடிய இடத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. தையலில் சந்தேகம் என்றால் புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் டாக்டரிடமோ காட்டிவிட்டு மாட்டுங்கள். சமீபத்தில் குட்டி போட்டு மடி இறங்கியிருந்தாலும் இதே கதை.

நம் ஊர் உப்புக் காற்றுக்கு மலிவு மாடல்கள் தாங்காது. இரும்பில் முலாம் பூசிய வளையம் சீக்கிரமே துருப்பிடிக்கும். கடையிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிடித்து இழுத்தால் எடுக்காதீர்கள். வழவழப்பான நாடா என்றால் அளவுக் கிளிப் தானாக நழுவும். நாடாவை இறுக்கிவிட்டு இரண்டு கையாலும் வெடுக்கென்று பத்துப் பதினைந்து முறை இழுத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். பக்கிளுக்குள் மணல் புகுந்தால் பல் சரியாகப் பூட்டாது. 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை நம்பாதீர்கள்.

மாட்டப் பழக்குவதில் அவசரம் ஆகாது. முதலில் பெல்ட்டை சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள். பிறகு முதுகில் வைத்து எடுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு வேக வைத்த கோழி. பக்கிள் சத்தத்துக்கே துள்ளும் நாய்கள் உண்டு. தள்ளி நின்று பூட்டித் திறந்து அந்தச் சத்தத்துக்கும் தீனி கொடுங்கள். மாட்டியதும் சிலை மாதிரி நின்றுவிட்டால் 'அமைதியாக இருக்கிறாள்' என்று எண்ண வேண்டாம். அது உறைந்துபோன பயம். கழற்றிவிட்டு முந்தைய படிக்குப் போங்கள்.

இந்தப் பெல்ட்டை மட்டும் நம்பியும் தெருவில் இறங்கக் கூடாது. கூடவே ஒரு மார்ட்டிங்கேல் காலர் (இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் கழுத்துப் பெல்ட்), இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. காலரை இறுகும் நிலையில் இழுத்தால் அதன் இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் அது லூஸ். ஒரு கொக்கி உடைந்தாலும் இன்னொன்று பிடிக்கும். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் பக்கம் மேளமும் வெடியும், மற்ற நாளில் சாவு ஊர்வல வெடி என்று முன்னறிவிப்பில்லாமல் வரும் ஊர் இது. பிளாஸ்டிக் பிடிக்குள் தானாகச் சுருளும் சுருள் கயிறு வேண்டவே வேண்டாம். கை தவறினால் அந்தப் பிளாஸ்டிக் பிடி தரையில் தடதடவென்று நாயைத் துரத்தும், நாய் நிற்காது. ஆளில்லாத நேரத்திலும் கம்பிக் கூண்டிலும் மார்ட்டிங்கேலும் பாடி பெல்ட்டும் கழற்றியிருக்க வேண்டும். கம்பியில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து.

இந்தப் பெல்ட் தன் விலையை ஈட்டுவது தத்து கொடுக்கும் வாரத்தில். அதுவரை நம்மோடு நிதானமாக நடந்தவள், புது வாசலில் மறுபடியும் முதல் நாள் நாயாகிவிடுவாள். அதனால் தத்து எடுப்பவர் முன்கூட்டி இரண்டு மூன்று தடவையாவது வரட்டும். நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து தீனியைத் தள்ளிப் போடட்டும். அவள் பக்கத்தில் வரத் தொடங்கியதும் நடையில் இரண்டாவது கயிறு அவர் கைக்குப் போகட்டும். கடைசிச் சந்திப்பில் பெல்ட்டை அவரே மாட்ட வேண்டும். அவர் கையால் மாட்ட விடவில்லை என்றால் அனுப்பும் தேதியைத் தள்ளிப் போடுங்கள். கார் வாடகைக்குச் சொல்லியாயிற்றே என்று பார்க்காதீர்கள்.

கைமாற்றுவது கதவு சாத்திய அறைக்குள் நடக்கட்டும், தெருவில் வேண்டாம். காலர் டேக்கில் தத்து எடுப்பவரின் எண் முந்தின நாளே ஏறியிருக்க வேண்டும், பலர் மறப்பது இதை. சென்னை வரை இசிஆரில் போவதென்றால் கிளம்பும் முன் மூன்று நான்கு மணி நேரம் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். பெல்ட், கயிறு, துவைக்காத பாய், பத்து நாளுக்கு இதே தீனி, தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் கூடப் போகட்டும். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு 'அங்கே புதிதாக வாங்கிக்கொள்வார்கள்' என்று அனுப்புவது கஞ்சத்தனம். புதியது வாங்கிப் பொருத்துவதற்குள்தான் நாய் தொலையும்.

குறைகள் உண்டு. வெயில் காலத்தில் அகலப் பேட் வைத்த மாடல் முதுகைப் புழுக்கும். உண்ணி ஒளிய நல்ல இடம், கழற்றியதும் உள்பக்கம் தடவிப் பாருங்கள். கடித்துத் துண்டாக்கும் நாயிடம் எந்த வாரும் நிற்காது, ஓரக் கண் வைத்திருக்க வேண்டும். வளரும் குட்டிக்கு வாங்காதீர்கள், சீக்கிரம் சிறுத்துவிடும். ஏற்கெனவே மனிதரோடு பழகி, பின்வாங்கும் பழக்கமே இல்லாத நாய்க்கு சாதாரண இரண்டு வார் போதும். மற்றபடி பயந்த வளர்ந்த நாய் என்றால், இரண்டாயிரத்துக்குள் துருப்பிடிக்காத வளையமும் கழுத்துப் பக்கிளும் உள்ள ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.