பெர்கோலா வரைபடங்கள் மூன்று, ஒன்றேகால் மணி வெயில் ஒன்று

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டில் 16 அடி நிலம் சும்மா கிடந்தது. லாலான் புல் வெட்டியே என் இடுப்பு போயிற்று. அங்கே ஒரு பெர்கோலா போடலாம் என்றாள் மகள். படத்தைப் பார்த்த அம்மா, "இது பந்தல்தானே? தோட்டத்து லயத்துல உங்கப்பா அரை நாள்ல போட்டாரே" என்றார். பந்தல்தான். ஆனால் அப்பா போட்டது மூங்கில் பந்தல், இரண்டு வருஷத்தில் உளுத்துக் கொட்டும். எனக்குப் பத்து வருஷமாவது நிற்க வேண்டும். நானும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டி முடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். நான் எண்ணெய் ஆலையில் எடைப் பாலத்துக் கிராணி, தச்சு வேலை தெரியாது. தம்பி வெல்டர்.

பல வரைபடங்களைப் பார்த்துக் கழித்ததில் மூன்று மிஞ்சின.

முதலாவது, வீட்டுச் சுவரோடு ஒட்டியது. இரண்டு கால் போதும், மரமும் மிச்சம். ஆனால் சுவரில் வரிசையாக ஓட்டை போட்டு ஒரு நீளக் கட்டையைப் போல்ட்டால் இறுக்க வேண்டும். எங்கள் கூரைத் தண்ணீர் மொத்தமும் கொட்டுவது அந்தச் சுவரோரம்தான். அந்த ஓட்டை வழியாக நீர் இறங்கினால் உள்ளே சாமி அறைச் சுவர் ஊறும். வீட்டோடு சேர்த்துக் கட்டுவதென்றால் நகராண்மைக் கழகத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதை அன்றைக்கே மடித்து வைத்துவிட்டேன்.

இரண்டாவது தம்பியின் ஆசை: ஹாலோ, அதாவது உள்ளே கூடான இரும்புச் சட்டம், மேலே பாலிகார்பனேட் தகடு. கரையான் வராது, கோணாது, இரண்டே நாளில் நிமிர்ந்துவிடும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிர்வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு அதன்கீழ் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். நிழல் இருக்கும், காற்று இருக்காது, ரொட்டி அடுப்புக்குள் இருப்பதுபோல் வேகும். மழை பெய்தால் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. பற்றவைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு கருகிவிடும், அங்கேதான் துரு முதலில் பிடிக்கும் என்று தம்பியே சொல்கிறான்.

மூன்றாவது, நாலு காலில் தனியாக நிற்கும் மரப் பெர்கோலா, 10க்கு 12 அடி. இதைத்தான் எடுத்தேன். ஆனால் வரைபடத்தில் இருந்தபடி கட்டியிருந்தால் பணம் தண்டம்தான்.

ஏன் என்றால், அது வெயில் சாய்ந்து விழும் குளிர் நாட்டுக்காக வரைந்தது. இரண்டு அங்குலக் கனமுள்ள சட்டங்களை 18 அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்துவாட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள். சாய்ந்த வெயிலுக்கு அது நல்ல மறைப்பு. நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து 5 பாகைகூட இல்லை. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நடு மண்டையில் நிற்கும். அப்போது இரண்டு அங்குலக் கட்டைக்கு இரண்டு அங்குல நிழல்தான், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. அதோடு நமக்கு உச்சி 12 மணிக்கு இல்லை, ஒன்றேகாலுக்கு. 1982 பிறந்த அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்களே, அதுவும் சேர்ந்துதான்.

இதை நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மைலோ அட்டைப்பெட்டியின் மேல்பக்கத்தை வெட்டி, சாத்தே குச்சிகளை வரிசையாக ஒட்டி, ஒன்றேகாலுக்கு வெயிலில் வைத்தேன். பெட்டிக்குள் பென்சில் கோடு மாதிரி நிழல். பிறகு அதன்மேல் ஐஸ்கிரீம் குச்சிகளைப் படுக்கவாட்டில், ஒரு குச்சி அகலம் இடைவெளி விட்டு அடுக்கினேன். பாதிப் பெட்டி இருட்டியது. சரி, இதுதான் என்று சட்டங்களுக்குக் குறுக்கே மூன்று அங்குல ரீப்பர்களைப் படுக்க வைத்து, மூன்று அங்குலம் விட்டு அடித்தோம். பாதி நிழல் இப்போதே கிடைக்கிறது. மீதியைக் கொடி பார்த்துக்கொள்ளும்.

வரைபடத்தில் இன்னொரு குறை, முட்டுக் கட்டையே இல்லை. நாலு காலையும் நட்டு உத்திரம் ஏற்றியதும் தம்பி ஒரு தூணைத் தோளால் தள்ளிப் பார்த்தான். மொத்தமும் ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஒவ்வொரு மூலையிலும் 45 பாகைச் சாய்வில் முட்டு கொடுத்த பிறகுதான் அசையாமல் நின்றது. உத்திரத்தையும் போல்ட்டில் மட்டும் தொங்கவிடாமல், தூண் தலையில் வெட்டு எடுத்து உட்கார வைத்தோம். பாரம் மரத்தில் இறங்க வேண்டும், போல்ட் பிடித்துக்கொள்ள மட்டும்தான். கால்களுக்கு இரண்டடி ஆழத்தில் சிமெண்ட், அதன்மேல் தம்பி செய்த இரும்புச் செருப்பு. மரம் மண்ணைத் தொடவே இல்லை.

மரம் பற்றி ஒரு வார்த்தை. தூண்களுக்குச் செங்கால் மரம், பழைய பலகை வீடு ஒன்றைப் பிரித்த இடத்தில் வாங்கியது. அவ்வளவு கெட்டி, ஓட்டை போடுவதற்குள் மூன்று டிரில் முனை முறிந்தது. மேல் சட்டங்களுக்கு மருந்து ஏற்றிய மெராந்தி. "நல்லா காஞ்ச மரம் தங்கச்சி" என்று ஒரு மரக்கடையில் சத்தியம் செய்து கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் ஒரு சட்டம் வில்லாக வளைந்தது. மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார்கள். நீங்கள் வாங்கினால் உடனே அடிக்காதீர்கள், நிழலில் அடுக்கி, நடுவில் குச்சி வைத்து, சில வாரம் காயவிடுங்கள்.

மொத்தம் ஆறு ஞாயிறு, செலவு 2,300 வெள்ளி (ரிங்கிட்). ரங்கூன் மல்லி ஏற்றலாம் என்று மகள் நாற்று வாங்கி வந்தாள். அதற்குள் அம்மா நாலு காலிலும் புடலை விதை ஊன்றியிருந்தார். இப்போது பிஞ்சு இறங்கி, நேராக வளர ஒவ்வொன்றின் நுனியிலும் கல் கட்டியிருக்கிறார். தேநீர்க் கோப்பையோடு அங்கே உட்காரப் போனால் குனிந்துதான் போக வேண்டியிருக்கிறது. நேற்று தம்பி நெற்றியில் வாங்கினான்.