நாகேஷ் டிவிடி பெட்டி: 7 டிஸ்க், 1,150 ரூபா, கூடவே கொஞ்சம் எரிச்சல்

அப்பாவுக்கு 75 முடியுது, என்ன வாங்கிக் குடுக்கலாம்னு ஒரு மாசமா மண்டைய ஒடைச்சிட்டு இருந்தேன். வேட்டி சட்டை எடுத்தா பீரோவுக்குள்ள போயி அந்துருண்டை வாசத்தோட படுத்துக்கும், போன் வாங்கிக் குடுத்தா மறுநாளே பேரன் கைல இருக்கும். அப்பத்தான் ஆன்லைன்ல இந்த நாகேஷ் டிவிடி செட் கண்ணுல பட்டுச்சு. அப்பாவுக்கு சொந்த ஊரு தாராபுரம் பக்கம், நாகேஷும் தாராபுரத்துக்காரர், அது ஒன்னே போதும் எங்க வீட்ல அவரு பங்காளி மாதிரி. டிவில நாகேஷ் வந்துட்டார்னா சோத்துத் தட்டக் கைல எடுத்துட்டு வந்து உக்காந்துக்குவாரு அப்பா, கொழம்பு ஆறிப்போனாலும் கண்டுக்க மாட்டாரு.

கம்பெனி பேரைச் சொல்லல, இதே மாதிரி செட்டு நாலஞ்சு பேரு போடுறாங்க, வாங்குறவங்க நான் சொல்றத வெச்சு பாத்து வாங்கிக்கங்க.

பெட்டி வந்தப்பவே ஒரு மூலை நசுங்கித்தான் வந்துச்சு, அது கூரியர்காரன் புண்ணியம், விடுங்க. உள்ள ஆறு படம் ஆறு டிஸ்க்: காதலிக்க நேரமில்லை, சர்வர் சுந்தரம், நீர்க்குமிழி, திருவிளையாடல், எதிர்நீச்சல், தில்லானா மோகனாம்பாள். ஏழாவது டிஸ்க் போனஸ், காமெடி கலெக்ஷனாம். அது கூட ஒரு பன்னெண்டு பக்க புக்கு. இந்தப் புக்குலருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா முதல் எரிச்சல் அதுலதான்.

மூணாவது பக்கத்துல இன்னொரு பழைய காமெடி நடிகர் சந்திரபாபு போட்டோவப் போட்டு கீழ நாகேஷ்னு அடிச்சிருக்காங்க. நாகேஷ் செட்டுல! அப்பா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுக்கா பாத்தாரு. "ஏங்கண்ணு, இது சந்திரபாபுல்ல?" அவ்ளோதான் சொன்னாரு, ஆனா எனக்கு மானமே போச்சு, நான்தான் ஏதோ டூப்ளிகேட் வாங்கிட்டு வந்த மாதிரி. இன்னொரு பக்கத்துல பத்மஸ்ரீ நாகேஷ்னு போட்டிருக்கு. அவருக்கு எந்த பத்மமும் குடுக்கல, கடைசி வரைக்கும் குடுக்கல, அது ஊருக்கே தெரிஞ்ச மனக்குறை. தேசிய விருது ஒன்னு வந்துச்சு, அதுவும் சிரிக்க வெச்சதுக்கு இல்ல, அதைப் பின்னாடி சொல்றேன்.

அவரு கதைன்னு புக்குல அரைப் பக்கம்தான் இருக்கு. 1933-ல பொறந்தாரு, ரயில்வேல கிளார்க்கு, நாடகம், சினிமா, முடிஞ்சது. எவ்ளோ எழுதிருக்கலாம். மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு, ஒடம்பு ஒட்டடைக்குச்சி, இந்த லட்சணத்துல நடிகனாகப் போறேன்னு மெட்ராஸ்ல உக்காந்திருந்த ஆளு. கூட ரூம்ல இருந்தது கவிஞர் வாலி, அவருக்கும் அப்ப வாய்ப்பில்ல, ரெண்டு பேரும் பட்டினியப் பங்கு போட்டுக்கிட்டு இருந்த காலம் அது. அதே வாலிதான் சர்வர் சுந்தரத்துல அவளுக்கென்ன அழகிய முகம் பாட்டை எழுதினாரு, அதே ரூம்மேட்டுதான் அதுக்கு ஆடினாரு. இதெல்லாம் ஒரு வரி போட்டிருந்தா அப்பா மாதிரி ஆளுங்க எவ்ளோ சந்தோசப்பட்டிருப்பாங்க, அதை விட்டுட்டு நகைச்சுவை மன்னன், சிரிப்புச் சக்கரவர்த்தின்னு பட்டமா ரொப்பி வெச்சிருக்காங்க.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். எங்க வீட்டு டிவிடி பிளேயர் பரண்ல தூங்கிட்டு இருந்துச்சு, தட்டித் தொடச்சு ரிமோட்டுக்கு பேட்டரி போட்டு கனெக்‌ஷன் குடுக்கவே ஒரு மணி நேரம். முதல்ல சர்வர் சுந்தரம். போட்ட உடனே ஏதோ ஒதைக்குது, என்னன்னு புரியல. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் ஒறைச்சுது, நாகேஷ் குண்டா இருக்காரு! அந்தக் காலத்துப் படம் கிட்டத்தட்ட சதுரமா எடுத்தது, இவங்க நம்ம அகல டிவிக்கு ரொம்பணும்னு ரெண்டு பக்கமும் இழுத்து விட்டுருக்காங்க. வேற எந்த நடிகருக்கு இதப் பண்ணிருந்தாலும் பரவால்ல, நாகேஷுக்குப் பண்ணலாமா? அந்த மனுசனோட முதலீடே அந்த ஒல்லி ஒடம்புதான? காலு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும், இடுப்பு நடுவுல அது பாட்டுக்கு ஒரு வேலை பாக்கும், ரப்பர்ல செஞ்ச மாதிரி. அதை இழுத்து அகலமாக்கினா தங்கவேலு ஆடுற மாதிரி ஆயிருது. கறுப்பு வெள்ளைப் படம் மூணுலயும் இதே கூத்து, கலர் படம் மூணும் சரியா இருக்கு. வாங்குனவங்க டிவி ரிமோட்ல பிக்சர் சைஸை 4:3-க்கு மாத்திக்கங்க, ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வந்தா வரட்டும், நாகேஷ் நாகேஷா இருப்பாரு.

மாத்தினதுக்கப்பறம் பிரிண்ட் நெசமாவே நல்லாருக்கு, அதச் சொல்லணும். 1964 படம், ஏவிஎம் தயாரிப்பு, கிருஷ்ணன் பஞ்சு டைரக்‌ஷன், கதை பாலசந்தரோட நாடகம், அவரு அப்ப ஏஜி ஆபீஸ்ல, அதான் அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸ்ல, வேலை பாத்துக்கிட்டே நாடகம் போட்டுட்டு இருந்தாரு. அவளுக்கென்ன பாட்டு முழுசா இருக்கு, கட் இல்ல. எம்.எஸ்.வி. கைய வீசி ஆர்க்கெஸ்ட்ராவ நடத்துறதும் டி.எம்.எஸ். நின்னு பாடுறதும் திரையிலயே தெரியும்ல, அந்த ஷாட்டெல்லாம் துல்லியமா தெரியுது, அங்குட்டு நாகேஷ் ஆடுறப்ப ஷூ தேயுற சத்தம் கேக்குமோன்னு தோணுற அளவுக்கு.

அந்தப் படத்துல பாருங்க, ஓட்டல்ல தட்டு தூக்குற சுந்தரம் கே.ஆர்.விஜயாவ மனசுல நெனச்சுக்கிட்டு இருப்பான், அந்தப் பொண்ணுக்கோ முத்துராமன் மேலதான் இஷ்டம். பெரிய நடிகனாகி காரு பங்களான்னு வந்தும் அவ கெடைக்கல, அம்மா சாகக் கெடக்குறப்பவும் பக்கத்துல இருக்க முடியல. கடைசில பழையபடி சர்வர் வேலைக்கே போயிருவான். இதுல இன்னொன்னு எனக்கு இப்பத்தான் பொறி தட்டுச்சு. 2008-ல வந்த தசாவதாரம்தான் நாகேஷ் நடிச்ச கடைசிப் படம்னு சொல்லுவாங்க, அதுல அவருக்கு ஜோடி கே.ஆர்.விஜயா! சர்வருக்குக் கெடைக்காத பொண்ணு 44 வருசம் கழிச்சு கெழவியா ஆனப்பறம் பொண்டாட்டியா வந்து சேந்திருக்கு. அப்பாகிட்ட சொன்னேன், பத்து நிமிசம் சிரிச்சுட்டே இருந்தாரு, அப்பறம் "பாவம்யா அவன்"னாரு. யாரச் சொன்னாருன்னு நான் கேக்கல.

காதலிக்க நேரமில்லை டிஸ்க் பத்தி ஒன்னும் சொல்ல வேண்டியதில்ல, கலரு பளிச்சுன்னு இருக்கு. செல்லப்பா அவங்க அப்பா பாலையாவுக்குக் கதை சொல்ற சீன்ல நான் எப்பவும் நாகேஷத்தான் பாப்பேன், எங்கப்பா சொல்லித்தான் இந்தத் தடவை பாலையாவப் பாத்தேன். கதை சொல்றவனவிட கேக்குறவன் மூஞ்சிலதான் பாதி சீன் இருக்கு. நாகேஷ் சத்தத்தாலயே பேயைக் கூட்டிட்டு வர்றாரு, அது பாலையா மூஞ்சில வந்து குந்திக்குது.

திருவிளையாடல் டிஸ்க்ல ஒரு சின்னக் கொறை, நடுவுல ரெண்டு எடத்துல சத்தம் இறங்கி ஏறுது. ஆனா தருமி வர்ற பகுதி சுத்தமா இருக்கு, நான் அதை மட்டும் மூணு தடவ ரீவைண்ட் பண்ணேன். கோயில் மண்டபத்துல தனியா நின்னு பொலம்புறப்ப அந்த ஆளு ஆயிரம் பொன்னுக்கு ஆசப்படுறது சிரிப்பா இருக்கும், ஆனா பசியும் அதுக்குள்ளயே இருக்கும். எதிர்ல சிவாஜி, அதுவும் சிவனா நிக்கிறாரு, ஒடம்பையும் கொரலையும் வெச்சு மத்த எல்லாரையும் முழுங்கிருவாரு அவரு. நாகேஷ் போட்டிக்கே போகல, கூனிக் குறுகிக்கிட்டே சீனை மடில கட்டிட்டுப் போயிருவாரு. சபைல நக்கீரர், அதான் படத்தோட டைரக்டர் ஏ.பி.நாகராஜனே, பாட்டுல குத்தம்னு சொன்ன ஒடனே அந்தத் தோளு ரெண்டும் எப்படித் தொங்குது பாருங்க, வசனம் அப்பறம்தான் வருது, தோளு முன்னாடியே அழுதுருது.

இங்கதான் எனக்கு போனஸ் டிஸ்க் மேல கொலவெறி. அந்த டிஸ்க்ல இதே தருமியப் போட்டிருக்கான், ஆனா கேள்வி பதில் முடிஞ்ச ஒடனே டக்குன்னு வெட்டிட்டான். சபைக்குப் போறது, அவமானப்படுறது, ஒன்னுமில்ல. சிரிப்பு வர்ற எடம் மட்டும் போதுமாம். வைத்தியவும் அப்படியே பண்ணிருக்கான், தில்லானா மோகனாம்பாள்ல சவடால் வைத்தி காமெடியனா என்ன? வாய்ல தேனு, நெஞ்சுல வெசம், ஒரு பொண்ண யாராவது பெரிய மனுசன் தலைல கட்டி தரகு பாக்க அலையுறவன். படமா பாத்தா சிரிச்சுக்கிட்டே ஒடம்பு கூசும். இவன் அதுல ஆறு துண்ட வெட்டி நடுவுல டொய்ங்னு கார்ட்டூன் சத்தம் வேற சேத்திருக்கான், யாருக்குங்க வேணும் அது? மூலைல கம்பெனி லோகோ வேற ஆடிக்கிட்டே இருக்கு.

நீர்க்குமிழி செட்டுல இருக்குறது பெரிய விசயம். 1965, பாலசந்தர் டைரக்ட் பண்ண முதல் படம், பூரா ஆஸ்பத்திரிலயே நடக்கும், கேன்சர் வந்த சேது எல்லாரையும் வம்பிழுத்துக்கிட்டுத் திரிவான். ஆடி அடங்கும் வாழ்க்கையடா பாட்டு வந்தப்ப அம்மா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாங்க. எதிர்நீச்சல் 1968, மாடிப்படி மாது. மாடிப்படிக்கு அடில குடியிருந்துக்கிட்டு குடித்தனக்காரங்க எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்யுறவன். இந்த டிஸ்க் மட்டும் எங்க பிளேயர்ல கடைசி இருவது நிமிசம் திக்கித் திக்கிப் போச்சு. கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணா, "சார் டிஸ்க்க துணில தொடச்சுப் பாருங்க"ன்னாங்க. தொடச்சேன். ஈரத்துணில, காஞ்ச துணில, அப்பாவோட கண்ணாடி தொடைக்கிற துணிலயும் தொடச்சேன். திக்குது. மாத்தித் தரணும்னா பெட்டியோட அனுப்பணுமாம், ஒரு டிஸ்க்க மட்டும் மாத்த மாட்டாங்களாம்.

என்னோட பெரிய குத்தச்சாட்டு அது இல்ல. 1968-க்கு அப்பறம் நாகேஷ் செத்துட்ட மாதிரி செட்டு போட்டிருக்காங்க. அபூர்வ சகோதரர்கள் 1989, அதுல வில்லன், சிரிச்சுக்கிட்டே விஷம் குடுக்குற ஆளு. மைக்கேல் மதன காமராஜன்ல அவினாசி. மகளிர் மட்டும்ல பொணம், கண்ணத் தொறக்காம, ஒரு வார்த்தை பேசாம, பொணமாவே நடிச்சு தியேட்டர உருட்டினாரு. அதே 1994-ல நம்மவர், மகள எழந்த புரொபசரா வருவாரு, அதுக்குத்தான் நான் மேல சொன்ன தேசிய விருது, துணை நடிகருக்கு. உரிமை வாங்குறது கஷ்டமா இருக்கலாம், சரி. அப்ப பெட்டி மேல முழு வாழ்க்கைத் தொகுப்புன்னு ஏன் போடுறீங்க?

வாங்கலாமான்னு கேட்டா, 1,150 கூடத்தான், ஆஃபர்ல 800-க்கு வந்தா யோசிக்காம வாங்குங்க, சர்வர் சுந்தரம் பிரிண்டுக்கும் நீர்க்குமிழிக்குமே காசு தீந்துரும். அஞ்சுக்கு மூணு ஸ்டார். நான் திருப்பி அனுப்பல, அப்பா விட மாட்டேங்குறாரு, தெனம் ராத்திரி ஒரு டிஸ்க் ஓடுது. சந்திரபாபு போட்டோ மேல பேனாவால அடிச்சுட்டு அவரு கையாலயே பேரை மாத்தி எழுதி வெச்சிருக்காரு. போனஸ் டிஸ்க்கை மட்டும் கொய்யா மரத்துல கட்டித் தொங்க விட்டிருக்கேன், வெயில்ல மின்னுறதால ரெண்டு நாளா கிளி வரல.