தங்கத்தில் தயோலா, கண்ணாடியில் சைலேனா?

திடப்பரப்பின் மேல் மிக மெல்லிய படலம் ஒன்றை உருவாக்க, மூலக்கூறுகள் தாமாக வந்து வரிசையாக நிற்க வேண்டும். படலத்தின் தடிமனோ 2 நானோமீட்டர் அளவுதான். தங்கத்தின் மேல் தயோலா (ஒரு முனையில் கந்தகம் கொண்ட கார்பன் சங்கிலி), கண்ணாடியின் மேல் சைலேனா (சிலிக்கனை முனையாகக் கொண்டது), எந்த முறை என்று முடிவெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: தப்பாக உட்கார்ந்த மூலக்கூறு எழுந்து இடம் மாற முடியுமா?

தயோலால் முடியும். தங்கம் பூசிய தகட்டை லிட்டருக்கு 1 மில்லிமோல் தயோல் உள்ள எத்தனால் கரைசலில் போட்டால், சில நிமிடங்களிலேயே பரப்பு பெரும்பாலும் நிரம்பிவிடும். ஆனாலும் ஓர் இரவு முழுக்க விட்டுவைக்கிறோம். அந்த நேரத்தில்தான் ஒழுங்கு பிறக்கிறது. கந்தகம் தங்கத்தைப் பற்றிய பிறகும் பரப்பில் நகரும். சரியாக அமராத மூலக்கூறு விலக, கரைசலிலிருந்து வேறொன்று வந்து அமரும். கடைசியில் கார்பன் சங்கிலிகள் சுமார் 30 பாகை சாய்ந்து நெருக்கமாக நிற்கின்றன. டோடெக்கேன்தயோல் (12 கார்பன் சங்கிலியுள்ள தயோல்) படிந்த தகட்டில் ஒரு நீர்த்துளி வைத்துப் பாருங்கள். தொடுகோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணம், 110 பாகையை ஒட்டி வரும். துளி முத்தாகத் திரண்டு நிற்கும். முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

சைலேனின் குணம் வேறு. ட்ரைகுளோரோசைலேன் (சிலிக்கனில் மூன்று குளோரின் உள்ள சைலேன்) முதலில் நீரோடு வினைபுரிந்து, பிறகு கண்ணாடிப் பரப்பின் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளோடும் பக்கத்து மூலக்கூறுகளோடும் பிணைகிறது. பிணைந்தால் பிணைந்ததுதான், பிழையும் அங்கேயே உறைந்துவிடும். துளியளவு ஈரமாவது இல்லாவிட்டால் படலம் சரியாக அமையாது. ஈரம் கூடினால் கரைசலுக்குள்ளேயே பாலிமராகித் தகட்டில் வெண்பொருக்காகப் படியும். காய்ந்த நாளில் அருமையாக வந்த அதே செய்முறை மழைநாளில் காலை வாரியிருக்கிறது.

ஆனால் நீண்ட நாள் உழைப்பது சைலேன்தான். தயோல் படலம் காற்றில் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும். 100 பாகை செல்சியஸை ஒட்டிச் சூடாக்கினாலே கழன்றுபோகத் தொடங்கும். சைலேன் அதைத் தாண்டியும் தாங்கும். கடும் காரம்தான் அதற்கு ஆகாது.

அடுக்குகளை எண்ணி ஏற்ற வேண்டுமென்றால் 1935-இல் அமெரிக்க விஞ்ஞானி கேத்தரின் பிளாட்ஜெட் காட்டிய வழி இருக்கிறது: நீர்மேல் மிதக்கும் கொழுப்பமிலப் படலத்தை நெருக்கி, அதனூடே தகட்டை முக்கி எடுப்பது. பிடிப்பு வலுவில்லை, கரைப்பான் பட்டால் போய்விடும். எதிரெதிர் மின்சுமையுள்ள பாலிமர்களில் மாறி மாறி முக்கும் முறை எந்த வடிவப் பொருளுக்கும் ஒத்துவரும், ஆனால் அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும்.

படலத்தின் அமைப்பை ஆராயவோ உயிரி உணரி (உயிர்மூலக்கூறுகளைக் கண்டறியும் கருவி) செய்யவோ தங்கமும் தயோலும். தினமும் புழங்கும் பரப்புக்குச் சைலேன்; அதற்கு இறங்கினால், கண்ணாடியைக் கழுவும் முன்பே கரைப்பானில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள்.