ஹெல்மெட் இன்டர்கொம்: கார்டோ, சேனா, மலிவுச் சாமான், யாருக்கு எது?

ஹெல்மெட்டுக்கு இன்டர்கொம், அதாவது ஓடிக்கொண்டே மற்ற ஹெல்மெட்காரரோடு கதைக்கிற கருவி, வாங்க வெளிக்கிடுகிற ஆட்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இந்தச் சாமானில் பெயர்போன இரண்டு கொம்பனிகளில் கார்டோ நல்லதா, சேனா நல்லதா? பதில் சொல்ல முதல் நான் திருப்பிக் கேட்பது, ஓடும்போது யாரோடு கதைக்கப் போகிறீர்கள் என்று. வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குத் தனியாக வேலைக்குப் போய் வருகிறவர், மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நுவரெலியா போகிறவர், நீண்ட லீவு வந்தால் ஏழெட்டு பைக்கோடு மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வெளிக்கிடுகிறவர், இந்த மூவருக்கும் ஒரே சாமானைச் சிபாரிசு செய்கிற ஆள் ஒன்றில் கடைக்காரர், இல்லாவிட்டால் யூடியூபர்.

தனியாக ஓடுகிறவரில் தொடங்குவோம், கொழும்பில் அவர்கள்தான் அதிகம். கோல் வந்தால் எடுக்க வேண்டும், மேப் சொல்வது காதில் விழ வேண்டும், கொஞ்சம் பாட்டு. இவ்வளவுக்கு இன்டர்கொம்மே தேவையில்லை. இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக், பக்கத்தில் ஒட்டுகிற சின்னப் பெட்டி என்று வருகிற சாதாரண புளூடூத் ஹெல்மெட் ஹெட்செட் போதும். புறக்கோட்டைப் பக்கமும் ஒன்லைனிலும் பெயரே கேள்விப்படாத பிராண்டுகளில் கிடைக்கும். ஒருவழிப் பாதைகளில் ஒரு திருப்பத்தை விட்டால் ஒரு பெரிய சுற்றுச் சுற்றித்தான் திரும்பி வர வேண்டும் என்று தெரிந்த டெலிவரிப் பெடியன்களுக்கு மேப்பின் குரல் காதுக்குள் வருவதே பெரிய உதவி. போனைக் கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் செருகிக்கொண்டு காலி வீதியில் கத்திக் கதைத்தபடி போகிறார்களே, அதைவிட இது எவ்வளவோ மேல். போனைக் கையில் பிடித்தபடி ஓடுவது சட்டப்படி குற்றம், அது வேறு கதை.

இதற்கும் ஏன் காசு, வீட்டில் இருக்கிற இயர்பட்ஸைப் போடலாமே என்பார்கள். போடலாம்தான். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றும்போது கன்னத்துப் பஞ்சு இழுத்து ஒன்று ரோட்டில் விழும், அதுவும் கானுக்குப் பக்கத்தில்தான் விழும். காதை இறுக அடைக்கிற வகை என்றால் பின்னால் வருகிற பஸ்ஸின் ஹோர்னும் சரியாகக் கேட்காது. நம்முடைய ரோட்டில் தனியார் பஸ்காரரின் ஹோர்ன் கேட்காமல் ஓடுவது புத்தியான வேலை இல்லை. ஹெல்மெட் ஸ்பீக்கர் காதை அடைக்காமல் பக்கத்தில் இருப்பதால் இந்த ஒரு விஷயத்தில் அது கெட்டிக்காரன்.

இனி ஒலி. கார்டோவின் மேல்மட்ட சாமான்களில் ஜேபிஎல் ஸ்பீக்கர், சேனாவின் மேல்மட்டத்தில் ஹார்மன் கார்டன் என்று பெரிய பெயர்கள் அச்சடித்திருக்கும். நல்ல ஸ்பீக்கர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு எக்ஸ்பிரஸ்வேயில் ஏறவே அனுமதி இல்லாத நாட்டில், கொழும்புக்குள் இருபது முப்பது வேகத்தில் ஊர்ந்துகொண்டு போகிற நமக்கு, காற்றிரைச்சலைத் தாண்டிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்கிற பிரச்சினை ஜெர்மன்காரருக்கு இருக்கிற அளவுக்கு இல்லை. ஒலியின் பெரும்பங்கைத் தீர்மானிப்பது ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்பதுதான். கன்னத்துப் பஞ்சைக் கழற்றிப் பாருங்கள், காது வருகிற இடத்தில் உள் தெர்மோகோலில் ஒரு குழி இருக்கும் (மலிவு ஹெல்மெட்டில் அதுவும் இருக்காது). ஸ்பீக்கரை அந்தக் குழியின் நடுவில் ஒட்டிவிட்டு ஹெல்மெட்டைப் போட்டால், பலருக்குக் காதுத் துவாரம் அதற்குக் கொஞ்சம் கீழேயோ முன்னாலோ இருக்கும். ஒரு விரல் அளவு விலகினாலே பாட்டின் அடி ஒலி முழுக்கப் போய், ரேடியோவைத் தகர டப்பாவுக்குள் வைத்த மாதிரிக் கேட்கும். பாட்டைப் போட்டுவிட்டு ஸ்பீக்கரை வெல்க்ரோவில் அரை அரைச் சென்டிமீற்றராக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஹெல்மெட்டை முழுதாகப் போட்டுப் பார்த்தால்தான் சரியான இடம் பிடிபடும். ஸ்பீக்கர் காதில் முட்டவும் கூடாது. அரை மணித்தியாலத்தில் காது மடல் நோகத் தொடங்கிவிடும். இந்த வேலையைப் பொறுமையாகச் செய்த மலிவுச் சாமான், அவசரத்தில் ஒட்டிய விலை கூடிய சாமானைவிட நன்றாகக் கேட்கும். குழி இல்லாத ஹெல்மெட்டில் தெர்மோகோலைச் சுரண்டி இடம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், விழுந்தால் மண்டையைக் காப்பது அந்தத் தெர்மோகோல்தான்.

மைக் விஷயம் ஹெல்மெட்டைப் பொறுத்தது. முழு முகம் மூடுகிற ஹெல்மெட் என்றால் தாடைப் பகுதிக்குள் ஒட்டுகிற பட்டன் மைக். முகம் திறந்த ஹெல்மெட், அல்லது தாடை மேலே தூக்குகிற வகை என்றால் வளைகிற கம்பி மைக். 2015இல் நம்முடைய பொலிசார் முழு முக ஹெல்மெட்டையே தடை செய்யப் பார்த்தார்கள், வழக்குப் போய் நின்றது, அதனால் இன்றைக்கு இரண்டு வகையும் ரோட்டில் உண்டு. திறந்த ஹெல்மெட்டில் எந்தக் கொம்பனியின் மைக்காக இருந்தாலும் காற்று நேரே அடிக்கும். மைக்கை உதட்டுக்கு மிகக் கிட்டக் கொண்டுவந்து, மேலே இருக்கிற பஞ்சு உறையைக் கழற்றாமல் வைத்தால் மருதானைச் சந்தியில் நின்றும் கதைக்கலாம். பெட்டிக்குள் இரண்டு வகை மைக்கும் இருக்கிறதா என்று வாங்கும்போதே திறந்து பாருங்கள், சில மலிவுச் சாமான்களில் ஒன்றுதான் வரும்.

அடுத்தது பின்னால் ஆள் ஏற்றுகிறவர். இங்கேதான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற தூரக் கணக்கு அர்த்தமில்லாமல் போகிறது. பின்னால் இருக்கிறவர் ஒரு முழ தூரத்தில் இருக்கிறார், 400 மீற்றர் என்ன, 1600 மீற்றர் என்ன? இரண்டு பேர் கதைக்கிற மாதிரி புளூடூத் இன்டர்கொம் சோடி ஒன்று போதும். கார்டோவில் ஸ்பிரிட், ஸ்பிரிட் எச்டி, ஃப்ரீகொம் 2எக்ஸ் மூன்றும் இருவருக்கானவை. ஸ்பிரிட்டுக்கும் எச்டிக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஸ்பீக்கர்: 32 மில்லிமீற்றருக்குப் பதில் 40. பாட்டுக் கேட்கிறவர் என்றால் எச்டி, வெறும் கதை என்றால் ஸ்பிரிட் காணும். மலிவுப் பக்கம் ஈஜியஸ் வி6 ப்ரோ மாதிரியான சீனச் சாமான்கள். இதில் ஒன்று விளங்க வேண்டும்: பெட்டியில் ஆறு பேர் என்று போட்டிருந்தாலும் ஆறு பேரைச் சேர்த்து வைக்கலாம், ஒரே நேரத்தில் கதைப்பது இரண்டு பேர்தான். சோடிக்கு அது குறையே இல்லை. கூட்டத்துக்கு வாங்கினால் தலையிடி.

சோடிக்குள் மலிவுக்கும் விலை கூடியதற்கும் நடுவில் உண்மையான வேறுபாடு மழைதான். கார்டோவின் இந்த வரிசைகள் ஐபி67, அதாவது ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் உள்ளே போகாது என்கிற சோதனை அளவு. மலிவுச் சாமான்களில் பெட்டியில் குடைப் படம் இருக்கும், இலக்கம் இருக்காது, இருந்தாலும் யார் சோதித்தது என்று இருக்காது. ‘முழு வோட்டர்ப்ரூஃப், பயப்படாமல் கொண்டுபோங்கோ’ என்று சத்தியம் பண்ணித் தந்த ஒரு கடையின் சாமான், கினிகத்தேனை மழையில் நனைந்த அன்று பின்னேரமே பீப் பீப் என்று மட்டும் கத்தத் தொடங்கியது. திருப்பிக் கொண்டுபோனால் தண்ணீர் பட்டதற்கு வொரண்டி இல்லை என்றார்கள். மலிவு வாங்கினால் சார்ஜ் குத்துகிற இடத்து ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பாருங்கள். தொளதொள என்று இருந்தால் அந்தச் சாமானுக்கு மே மாத மழை வரைக்கும்தான் ஆயுள்.

கூட்டமாக ஓடுகிறவர்களுக்கு வருவோம், காசு உண்மையில் வேலை செய்கிற இடம் இதுதான். பழைய முறை புளூடூத் சங்கிலி: முதலாமவர் இரண்டாமவரோடு, இரண்டாமவர் மூன்றாமவரோடு. நடுவில் ஒருவர் பெற்றோல் அடிக்க நின்றாலோ லொறிக்குப் பின்னால் மாட்டினாலோ சங்கிலி அறுந்து, முன்னுக்குப் போனவரும் பின்னுக்கு வருகிறவரும் தனித்தனி. மெஷ் முறையில் எல்லா யூனிட்டும் எல்லாவற்றோடும் தொடுப்பில் இருக்கும், ஒருவர் விலகினால் பேச்சு இன்னொருவர் வழியாகப் போகும், அவர் திரும்பி வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். கார்டோ இதை 2015இல் பாக்டோக் என்கிற மாடலோடு கொண்டுவந்தது. பிறகு வந்த பாக்டோக் எட்ஜில் 15 பேர் வரை. சேனாவின் 50எஸ் மாடலில் தனிக் குழுவாக 24 பேர், அதைவிட ஓப்பன் மெஷ் என்று ஒன்று, சேர்த்து வைக்கிற வேலையே இல்லாமல் ஒரே சானலில் இருக்கிற எல்லாரும் கதைக்கலாம். வழியில் தெரியாத கூட்டத்தோடு சேர்ந்து ஓடுகிற பழக்கம் உள்ளவர்களுக்குச் சேனாவின் இந்த வசதி உண்மையில் பெரியது. நமக்கு வழக்கமாக அதே ஏழு முகங்கள்தானே, கார்டோவில் ஒருமுறை குழு கட்டினால் பிறகு ஓன் பண்ணினாலே சேர்ந்துவிடுகிறது.

இரண்டு கொம்பனியின் மெஷும் ஒன்றோடொன்று கதைக்காது. புளூடூத் வழியாக இணைக்க ஒரு குறுக்கு வழி உண்டு, மற்றதை ஒரு போன் என்று நினைக்க வைத்து இணைப்பார்கள். போனுக்கான ஒரு இடம் அதிலே போய்விடும், ஒலியும் குறையும், அடிக்கடி அறுபடும். ஆகவே கூட்டத்தில் நாலு பேரிடம் ஏற்கனவே கார்டோ இருந்தால் நீங்கள் வாங்க வேண்டியது கார்டோ, சேனா இருந்தால் சேனா. விமர்சன வீடியோ ஒன்றும் பார்க்கத் தேவையில்லை. கூட்டமே புதிது, எல்லாரும் இனித்தான் வாங்க வேண்டும் என்றால் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்படி ஒப்பிட்டால் என் தெரிவு கார்டோ. காரணம் மழைக்கான ஐபி67 இலக்கம், அப்புறம் எட்ஜின் காந்தப் பிடி. சேனா 50எஸ்ஸும் மழையைத் தாங்கும் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் இலக்கம் போட்டுச் சொல்லவில்லை. காந்தப் பிடி ஏன் முக்கியம் என்றால், கொழும்பில் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் கொழுவிவிட்டுக் கடைக்குள் போகிறவர்கள் நாம். எட்ஜை ஒரு கையால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். திருட்டுப் பயம் மட்டுமில்லை, மத்தியான வெயிலில் தொங்குகிற ஹெல்மெட்டில் பட்டரி வேகிறது, லித்தியம் பட்டரிக்குச் சூடு ஆகாது. சேனாவில் எனக்குப் பிடித்தது அந்தச் சுழற்றுகிற திருகுதான், பார்க்காமலே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். குரலால் கட்டளை கொடுப்பது இரண்டிலும் இருக்கிறது. பொரளைச் சந்தியில் நின்று ‘ஹேய் கார்டோ’ என்று கத்திப் பாருங்கள், பக்கத்து த்ரீவீல்காரர் உங்களைப் பார்ப்பார், சாமான் கேட்காது.

விலை: பாக்டோக் எட்ஜ் 2022இல் அமெரிக்காவில் 390 டொலர் அளவில் வந்தது. வரி, அனுப்புகூலி ஒன்றும் சேர்க்காமலே ஒரு லட்சம் ரூபாவைத் தாண்டும். கனடாவில் இருந்து வருகிற சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு எடுப்பது பலருடைய வழி. நல்ல வழிதான், பில்லைக் கட்டாயம் கேட்டு எடுங்கள், பழுதானால் இங்கே யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். இரண்டு ஹெல்மெட் பாவிக்கிறவர் இன்னொரு ஸ்பீக்கர், பிடி செட்டையும் சேர்த்தே எடுப்பிப்பது நல்லது, பிறகு தனியாகத் தேடினால் கரைச்சல்.

இவ்வளவு காசு போட மனமில்லாத கூட்டங்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது: எல்லாரும் மலிவு ஹெட்செட், எல்லாரும் வட்ஸ்அப் குழு கோலில். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். தூரக் கணக்கே இல்லை, ஒருவர் புத்தளத்தில் நின்றாலும் மற்றவர் சிலாபத்தில் இருந்து கதைக்கலாம், பிராண்ட் சண்டையும் இல்லை. குறை என்னவென்றால் கோல் ஓடும்போது ஹெட்செட் போன் பேச்சு முறைக்குப் போய்விடும், பாட்டு இல்லை, மேப்பின் குரலும் சில போன்களில் வராது. மேப் செட்டிங்கில் கோலின்போதும் குரல் வரட்டும் என்ற தெரிவைப் போட்டுப் பாருங்கள். போன் பட்டரி குடிக்கும், பைக்கில் யூஎஸ்பி சார்ஜர் வேண்டும். அப்புறம் மலைப்பக்கம் வளைவுகளில் சிக்னல் போகும்; இன்டர்கொம்முக்கும் மலை குறுக்கே வந்தால் அதே கதிதான், பெட்டியில் போட்டிருக்கிற கிலோமீற்றர் எல்லாம் வெட்டவெளிக் கணக்கு. றம்பொடை வளைவுகளில் அதில் பாதி கிடைத்தாலே சந்தோஷப்படலாம். பூநகரிப் பக்கத்து நேர் ரோட்டில் ஓரளவு சொன்னபடி வரும்.

பாவித்த சாமான் வாங்குகிறவர்கள் ஒன்று பாருங்கள். பாட்டுப் போட்டுக் காட்டினால் நம்ப வேண்டாம், கோல் எடுத்து மைக்கில் கதைத்துக் காட்டச் சொல்லுங்கள். விற்கிறவர் ‘சார்ஜ் இல்லை, வீட்டில் போய்ப் போட்டுப் பாருங்கோ’ என்றால் பட்டரி முடிந்த சாமான் என்று அர்த்தம். அரை விலைக்குக் கேளுங்கள், அல்லது விட்டுவிட்டு வாருங்கள்.